அமெரிக்கக் கல்லூரியின் பாதுகாப்பு அறிக்கையை வாசிப்பது எப்படி: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு

போன மாசியில் உரும்பிராயில் இருந்து ஒரு ஐயா வந்தார். மகளுக்கு இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டின் குற்றப் புள்ளிவிவர அட்டவணையையும் திருநெல்வேலியில் பிரிண்ட் எடுத்து ஒரு கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தார். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை பூச்சியம். மற்றதில் பாலியல் வன்முறை, அறை புகுந்து களவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் என்று ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு எண். "பிள்ளை, இதிலை யோசிக்க என்ன இருக்கு? பூச்சியம் உள்ள இடத்துக்கே அனுப்புறன்" என்றார்.

"முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ ஐயா, பிறகு முடிவெடுப்பம்" என்றேன்.

நான் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பாதுகாப்புப் பிரிவில் பதினொரு வருடம் பதிவேடு எழுதினவள். அந்த அட்டவணையை வருடா வருடம் தயாரித்த மேசை என்னுடையது. அம்மாவைப் பார்க்க ஊருக்குத் திரும்பி இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோர் விறாந்தையில் வந்து இருந்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். 1986 ஏப்ரல் 5 அன்று, பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்து விடுதியில், ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவியை அதே பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவன் அறைக்குள் புகுந்து வன்புணர்ந்து கொன்றான். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய மூன்று கதவுகள் முட்டுக் கொடுத்துத் திறந்து விடப்பட்டிருந்தன. அந்த வளாகத்தில் அதற்கு முந்திய மூன்று வருடங்களில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்ததைப் பெற்றோர் கொனியும் ஹவார்ட் கிளெரியும் மகளை இழந்த பிறகுதான் அறிந்தார்கள். முன்னரே யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் ஓயாமல் ஏறி இறங்கியதில், கல்லூரிகள் தங்கள் வளாகக் குற்றங்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1990இல் பிறந்தது. 1998இல் அதற்கு ஜீனின் பெயரே வைக்கப்பட்டது. எல்லோரும் கிளெரி சட்டம் என்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, என் மேலதிகாரி இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் படிவங்களைத் தந்தார். பதினொரு வருடத்தில் எந்த விடுதிக்குப் போனாலும் கதவுக்கு ஏதாவது முட்டுக் கொடுத்திருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் பார்க்கும். உங்கள் பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள், பீட்சா கொண்டு வருகிற நண்பனுக்காக என்றாலும் கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று.

அரசின் மாணவர் கடனும் உதவிப்பணமும் பெறுகிற கல்லூரிகள் எல்லாம், அரசாங்கத்தினதோ தனியாருடையதோ, இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அந்தப் பணம் நின்றால் பெரும்பாலான கல்லூரிகளால் நடத்த முடியாது. அபராதமும் உண்டு. ஒரு மீறலுக்கே 60 ஆயிரம் டொலருக்கு மேல். 2019இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 45 இலட்சம் டொலர் விதித்தார்கள். 2024 மார்ச்சில் லிபேர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி 40 இலட்சம். ஆகவே கல்லூரி இதைச் செய்வது நல்லெண்ணத்தால் மட்டும் அல்ல, செய்தே ஆக வேண்டும் என்பதால். நீங்கள் ஒரு விவரத்தைக் கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. அது உங்கள் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்தது.

அறிக்கையை எடுப்பது

கல்லூரியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ஆனுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1க்குள் அது வெளியாக வேண்டும். கடந்த மூன்று முழு வருடங்களின் எண்கள் அதில் இருக்கும். 2025 ஒக்டோபரில் வந்தது என்றால் 2022, 2023, 2024. அதைவிடப் பழையதைத் தந்தால் புதியது எங்கே என்று கேளுங்கள். விண்ணப்பிக்க இருக்கிற மாணவருக்கும் அறிக்கை இருப்பதை அறிவிக்க வேண்டும், கேட்டால் கடதாசிப் பிரதி தர வேண்டும். இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். போன வருடம் இங்கே ஒரு முகவர் இதையே 'சிறப்புப் பாதுகாப்பு ஆய்வு' என்று விலை சொல்லி விற்றதாக ஒரு தாய் வந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் தளத்திலும் எல்லாக் கல்லூரிகளின் எண்களும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் அங்கே இருப்பது எண்கள்தான். கல்லூரி என்ன செய்கிறது, யார் பொறுப்பு, என்ன நடைமுறை என்பதெல்லாம் கல்லூரியின் சொந்த அறிக்கையில்தான் வரும். எண்களைவிட அந்தப் பக்கங்களை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

எந்த இடம் கணக்கில், எந்த இடம் கணக்கில் இல்லை

அட்டவணையில் இடவாரியாகப் பிரிப்பு இருக்கும்: வளாகம், வளாகத்துக்குள் இருக்கும் விடுதிகள், வளாகத்தை ஒட்டிய பொது இடம், வெளியே கல்லூரி வைத்திருக்கும் கட்டடங்கள். விடுதி எண் வளாக எண்ணுக்குள் அடங்கியதுதான். இரண்டையும் கூட்டிவிட்டு இரட்டிப்பாகப் பயப்பட வேண்டாம்.

இதை நான் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வளாகத்துக்குள் நடப்பது கணக்கில் வரும். படலைக்கு வெளியே இராமநாதன் வீதியில் நடப்பதும் வரும், அது வளாகத்தை ஒட்டிய பொது வீதி. ஆனால் இரண்டு ஒழுங்கை தள்ளி, பிள்ளைகள் அறை எடுத்திருக்கிற வீட்டில் நடப்பது வராது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்குத் தனி அட்டவணை வேண்டும்.

இது எங்கள் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய விஷயம். முதுமாணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விடுதியில் இருப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து வெளியில் வீடு எடுப்பார்கள், இரவு பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் இருந்து அந்த வீட்டுக்கு நடப்பார்கள். அந்த வீதி கல்லூரியின் அறிக்கையில் இல்லை. அதற்கு அந்த நகரத்துப் பொலிஸின் குற்ற வரைபடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல நகரங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. இரவில் துணைக்கு ஆள் அனுப்புகிற சேவையோ வாகனமோ உண்டா, எத்தனை மணிவரை, எத்தனை வீதி தூரம் வரை என்று கல்லூரியிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எல்லையைச் சுற்றி நடப்பேன். கல்லூரி புதிதாக ஒரு கட்டடம் வாடகைக்கு எடுத்திருந்தால் அதுவும் உள்ளே வர வேண்டும். சரியாகச் செய்கிற கல்லூரியின் அறிக்கையில் இந்த வரைபடம் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று, களவு. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் சைக்கிளைப் பற்றிக் கேட்காமல் போனதே இல்லை. சைக்கிள் களவும், நூலகத்தில் வைத்த மடிக்கணினி காணாமல் போவதும் இந்த அட்டவணையில் வராது. அறைக்குள் புகுந்து எடுத்தால் வரும். மோட்டார் வாகனக் களவு வரும். சாதாரண களவு, இன மத வெறுப்பால் செய்யப்பட்டிருந்தால் மட்டும் வெறுப்புக் குற்றமாக வரும். ஆகவே "களவே இல்லாத கல்லூரி" என்று அட்டவணையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பூட்டு வாங்கிக் கொடுங்கள்.

மதுபானம், போதைப்பொருள் வரிகளில் பெரிய எண்கள் இருக்கும். அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழ் குடிப்பது சட்டவிரோதம், விடுதிக் கண்காணிப்பாளர் பிடித்து ஒழுக்கக் குழுவுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றும் ஒரு எண். கண்டிப்பான விடுதியில் அந்த எண் கூடும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பூச்சியம் எப்படி வருகிறது

இங்கேதான் உரும்பிராய் ஐயாவோடு ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

அந்த எண்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன குற்றங்கள் அல்ல. யாராவது வந்து சொன்னவை. சொல்லப்பட்ட வருடத்தில்தான் அவை எழுதப்படும். 2021இல் நடந்ததை ஒரு பெண் 2024இல் வாய் திறந்து சொன்னால் அது 2024இன் எண். யாருக்குச் சொல்ல வேண்டும்? பொலிஸுக்குத்தான் என்று இல்லை. விளையாட்டுப் பயிற்சியாளர், விடுதிப் பொறுப்பாளர், மாணவர் விவகாரப் பீடாதிபதி, மாணவர் சங்கத்துக்கு ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளர் போன்ற மாணவர் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பானவர்களை எல்லாம் சட்டம் 'கேம்பஸ் செக்யூரிட்டி ஒதோரிட்டி' என்று சொல்கிறது. அவர்கள் காதில் விழுந்ததை எங்கள் பிரிவுக்குச் சொல்லியே ஆக வேண்டும், பெயர் சொல்லாவிட்டாலும் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். உளவளத் துணையாளருக்கும் மதகுருவுக்கும் மட்டும் அந்தத் தொழிலைச் செய்யும்போது விலக்கு உண்டு.

ஒரு வருடம் அந்த ஆட்களுக்கு நாங்கள் உருப்படியான பயிற்சி வைத்தோம். அடுத்த நாள் காலை ஒரு பயிற்சியாளர் என் மேசைக்கு வந்தார். வயதானவர், பெரிய உடம்பு. ஏழு மாதத்துக்கு முன்னர், போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அணியில் ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லி அழுததாகவும், ஆறுதல் சொல்வதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்ததாகவும் சொன்னார். படிவத்தை நிரப்பும்போது அவர் கை நடுங்கியது. அந்த வருடம் எங்கள் எண் கூடியது. மேலிடத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் குறைத்துக் காட்ட வழியில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இன்றைக்கும் அந்த எண்ணைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் துணிந்து வாய் திறந்த ஒரு பிள்ளை இருக்கிறாள்.

ஆகவே ஆயிரக்கணக்கான மாணவர் விடுதியில் இருக்கிற ஒரு கல்லூரி, பாலியல் வன்முறை மூன்று வருடமும் பூச்சியம் என்று எழுதினால், எனக்கு வருவது நிம்மதி அல்ல, கேள்வி. யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லையோ? சொன்ன பிள்ளையை யாரும் கேட்கவில்லையோ? விடுதியே இல்லாத சிறிய கல்லூரி என்றால் பூச்சியம் உண்மையாகவே இருக்கலாம். அதனால் எண்ணைப் பார்க்கும் முன் எத்தனை மாணவர், எத்தனை பேர் விடுதியில் என்று பாருங்கள். ஆதாரமற்றவை என்று தள்ளிய முறைப்பாடுகளின் எண்ணிக்கையும் அறிக்கையில் இருக்க வேண்டும். அப்படித் தள்ளும் அதிகாரம் பதவிப்பிரமாணம் செய்த பொலிஸாருக்கு மட்டும்தான். கல்லூரி நிர்வாகி நினைத்தபடி நீக்க முடியாது.

அட்டவணை பழையதாகிவிட்டது என்று தோன்றினால், அன்றாடக் குற்றப் பதிவேட்டைக் கேளுங்கள். சொந்தப் பொலிஸ் அல்லது பாதுகாப்புப் பிரிவு உள்ள கல்லூரி, முறைப்பாடு வந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அதில் பதிய வேண்டும். கடைசி 60 நாள் பதிவுகள் அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். சைக்கிள் களவு எல்லாம் அதில்தான் தெரியும். இணையத்தில் போட்டிருக்கும் கல்லூரிகள் நிறைய. இல்லாவிட்டால் போன் எடுங்கள். கோடைகாலத்தில் எங்கள் பின்னேரம் ஏழரை மணி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை பத்து. ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எச்சரிக்கை யாருடைய போனுக்கு வருகிறது

கல்லூரி அனுப்ப வேண்டிய எச்சரிக்கை இரண்டு வகை. ஒரு குற்றம் நடந்து ஆபத்து இன்னும் தொடர்கிறது என்றால் உரிய நேரத்தில் எச்சரிக்கை. துப்பாக்கிச் சூடு, எரிவாயுக் கசிவு, சூறாவளி போன்ற ஆபத்து உறுதியானால் உடனடி அறிவித்தல். இரண்டாவது வகை 2008இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முந்திய வருடம் ஏப்ரல் 16 அன்று வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழேகாலளவில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். மாணவருக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அதற்குப் பிறகு சில நிமிடங்களில் நொரிஸ் மண்டபத்தில் இன்னும் 30 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் லோகநாதன், கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்த தமிழர். இந்த நேரக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது கல்லூரிகள் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறையாவது பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஆனால் செய்தி எந்த நம்பருக்குப் போகிறது? மானிப்பாயில் ஒரு தகப்பனுக்கு நள்ளிரவில் "கட்டடத்தை விட்டு வெளியேறவும்" என்று செய்தி வந்து வீடே அழுதது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவருடைய நம்பர், மகன் அமெரிக்க சிம் வாங்கியும் மாற்றவில்லை. மகனுக்கு ஒன்றுமே தெரியாது, அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்திருக்கிறான். சிம் வாங்கிய அன்றே எச்சரிக்கைப் பதிவில் நம்பரை மாற்றச் சொல்லுங்கள். அப்பாவின் நம்பரையும் இரண்டாவதாகச் சேர்க்க முடிந்தால் சேர்க்கலாம்.

விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு படிவம் உண்டு. பிள்ளை காணாமல் போனதாகக் கல்லூரி தீர்மானித்தால் 24 மணித்தியாலத்துக்குள் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று இரகசியமாக ஒருவரைப் பதிந்து வைக்கலாம். சாதாரண அவசரத் தொடர்பு வேறு, இது வேறு. பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இங்குள்ள நம்பர் எழுதினால் 94 போட்டு முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். கனடாவில், ஸ்காபரோவில் மாமியோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களை எழுதுவதே நல்லது என்பேன். கிழக்குக் கரைக் கல்லூரி என்றால் ஒரே நேர வலயம், ஆங்கிலத்தில் கதைப்பார்கள், கெதியாகப் புறப்பட்டுப் போகவும் முடியும். பிள்ளை கல்லூரியில் சேர்ந்தவுடன் அவரது கல்விப் பதிவுகளின் உரிமை அவருக்கே போய்விடுகிறது, 1974ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நீங்கள் தாய் என்று சொன்னாலும் சும்மா விவரம் தரமாட்டார்கள்.

விளக்கும் ரைஸ் குக்கரும்

வளாக விடுதி உள்ள கல்லூரி தீப் பாதுகாப்பு அறிக்கையும் வெளியிட வேண்டும். எந்த விடுதியில் தண்ணீர் தெளிப்பான் இருக்கிறது, எத்தனை தீ ஏற்பட்டது, எத்தனை ஒத்திகை நடந்தது என்று விடுதிவாரியாக இருக்கும். மின் உபகரணம், புகைத்தல், திறந்த சுடர் பற்றிய விதிகளும் அதில் இருக்க வேண்டும். பயணப் பெட்டியை அடுக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருக்கால் வாசியுங்கள். பல விடுதிகளில் ரைஸ் குக்கருக்கு அனுமதி இல்லை, சாம்பிராணியும் விளக்கும் ஏற்றவே கூடாது. விளக்கீட்டுக்கு அம்மா கொடுத்துவிட்ட விளக்கை ஏற்றி, மூன்று மாடி மாணவரையும் குளிரில் வெளியே நிறுத்திய ஒரு பிள்ளையை நான் அறிவேன். பற்றரி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பகிடிவதை

எங்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதைக்குப் பலியானான். அடுத்த வருடம் இலங்கையில் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அது 'ஹேசிங்', சங்கத்திலோ அணியிலோ சேர்கிறவனை வதைப்பது. 2024 டிசம்பர் 23 அன்று கையொப்பமான புதிய சட்டத்தால் இதுவும் கிளெரி கணக்குக்குள் வந்துவிட்டது. 2025 முதல் நடந்தவற்றை எண்ணுகிறார்கள், ஆண்டறிக்கையில் அதற்கு முதல் தடவை 2026 ஒக்டோபர் 1க்குள் வெளியாக வேண்டிய அறிக்கை. அதைவிடப் பயனுள்ளது, குற்றம் உறுதியான மாணவர் அமைப்புகளைப் பெயர் சொல்லி வெளியிடும் தனி அறிக்கை. கல்லூரியின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும். பிள்ளை ஒரு கழகத்தில் சேரப்போகிறேன் என்றால் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

இதைப் பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள், நான்தான் தொடங்குவேன். பாலியல் வன்முறை, காதல் உறவில் வன்முறை, வீட்டு வன்முறை, பின்தொடரல் எது நடந்ததாகப் பிள்ளை சொன்னாலும், வளாகத்துக்கு வெளியே நடந்திருந்தாலும், அவளுக்குள்ள உரிமைகளையும் வழிகளையும் கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பது அவள் முடிவு. வகுப்பையோ அறையையோ மாற்றித் தரக் கேட்கலாம். விசாரணைக்குத் தான் விரும்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லலாம். முடிவை இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய தகவல்களில் விசா உதவி பற்றியதும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் வாய் திறக்காததற்கு ஒரு காரணம், விசா போய்விடும் என்ற பயம். மற்றது, ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம். முதலாவதற்குக் கல்லூரியில் கேட்க ஆள் உண்டு. இரண்டாவதை நீங்கள்தான் போக்க வேண்டும். விமானம் ஏறும் முன்னரே, எது நடந்தாலும் முதலில் எனக்குச் சொல்லலாம், நான் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன் என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது.

உரும்பிராய் ஐயாவும் மகளும் அன்று என் மேசையில் இருந்து இரண்டு கல்லூரிக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதினார்கள். விடுதியில் எத்தனை பேர், பொறுப்பானவர்களுக்கு எப்போது கடைசியாகப் பயிற்சி கொடுத்தீர்கள், கடைசி 60 நாள் பதிவேடு எங்கே, இரவுத் துணைச் சேவை எத்தனை மணிவரை. எண்கள் இருந்த கல்லூரியில் இருந்து அடுத்த நாளே ஒரு பெண் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, தன் நேரடி நம்பரையும் தந்திருந்தார். பூச்சியக் கல்லூரியில் இருந்து பன்னிரண்டு நாள் கழித்து ஒரு இணைப்பு மட்டும் வந்தது, அதைத் திறந்தால் பழைய வருடத்து அறிக்கை.

பிள்ளை ஓகஸ்ட்டில் போகிறாள். காணாமல் போனால் அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஸ்காபரோ மாமியின் நம்பரை எழுதியாகிவிட்டது.